ஈறில் வரும் ரத்தத்துக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

1970-ல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. நார்வேயில் பிறந்த ஹரால்ட் லோ என்ற பல் ஆராய்ச்சியாளரின் குழு, தோட்டத்தில் வேலை செய்த 480 தமிழ் ஆண்களின் வாயைப் பரிசோதித்து, 1985 வரை அவர்களைத் தொடர்ந்து பார்த்தது. அவர்களுக்கு வழக்கமாகப் பல் துலக்கும் பழக்கம் இல்லை, பல் மருத்துவமும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. எல்லாருடைய பல்லிலும் அழுக்குப் படலம், அது இறுகிப்போன காரை, எல்லாருடைய ஈறிலும் அழற்சி. ஆனால் பல் சொத்தை ஏறக்குறைய கிடையாது. சிகிச்சை இல்லாமல் விட்டால் ஈறு நோய் எப்படிப் போகும் என்று பார்ப்பதுதான் ஆய்வின் நோக்கம். படிக்கும்போது எனக்கு உறுத்தத்தான் செய்தது, இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு லேசில் கையெழுத்துப் போடாது.

முடிவு 1986-ல் வெளியானது. 8 சதவீதம் பேருக்கு நோய் வெறி பிடித்த மாதிரி ஓடியது, 45 வயதுக்குள் அவர்கள் வாயில் பல்லே மிஞ்சவில்லை. 81 சதவீதம் பேருக்கு நிதானமாக நகர்ந்தது. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு சிவந்து ரத்தம் வந்ததே தவிர, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை! அதே தோட்டம், அதே சாப்பாடு, அதே துலக்காத பல். கிருமிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் இந்த 11 சதவீதம் பேர் எப்படித் தப்பித்தார்கள்?

வாய்க் கிருமிகளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் இந்தக் கேள்வியைத்தான் முதலில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். "ஈறு நோய் இருந்தால் மாரடைப்பு வரும், மறதி நோய் வரும், புற்றுநோய் வரும், எல்லாருக்கும் பகிருங்கள்" என்று அடிக்கடி வருகிற ஃபார்வர்டுகளைப் பார்த்து எரிச்சலாகித்தான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அவை முழுப் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். சில தொடர்புகள் கல்வெட்டு மாதிரி உறுதி, சில அரைகுறை, சில வெறும் ஆசை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லும்போது உறுதியானதும் நம்ப முடியாததாகிவிடுகிறது.

முதலில் வாய்க்குள் நடப்பதைப் பார்ப்போம். மனித வாய்களில் இதுவரை 700-க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகளைக் கண்டிருக்கிறார்கள். ஒருவர் வாயில் எல்லாமும் இருக்காது, ஆனால் சுத்தமான வாய் என்று நாம் நினைப்பதிலும் கோடிக்கணக்கில் இருக்கும். பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின் மேல் மெல்லிய தோலாகப் படிந்துவிடும். அதன்மேல் முதலில் ஒட்டுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள், பெரும்பாலும் சாதுவானவை. அவற்றின் மேல் அடுத்தவை, அவற்றின் மேல் இன்னும் சில. நடுவில் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்று நீளமாக ஊசி போல ஒன்று வரும், அது முன்னால் வந்தவற்றையும் பின்னால் வருபவற்றையும் சேர்த்துப் பிடிக்கிற பாலம். இதன் பெயரை நினைவில் வையுங்கள், பெருங்குடல் பற்றிப் பேசும்போது மறுபடி வரும். படலம் தடிக்கத் தடிக்க உள்ளே ஆக்ஸிஜன் குறையும், ஆக்ஸிஜன் ஆகாத வகைகளுக்கு அது சொர்க்கம். எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து அது இறுகினால் காரை. அதற்குப் பிறகு பிரஷ்ஷால் ஒன்றும் செய்ய முடியாது, கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்தப் படலத்தை முதலில் கண்ணால் பார்த்தவர் டெல்ஃப்ட் நகரத்து அந்தோனி வான் லீவன்ஹூக். தினமும் உப்பு வைத்துப் பல் தேய்க்கிற மனிதர், தன் பல்லிடுக்கிலிருந்து எடுத்த வெள்ளை மாவைத் தானே செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, அதில் குட்டி உயிர்கள் துள்ளுவதை 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். எனக்குப் பிடித்தது அதில் வரும் வினிகர் சோதனை. சுரண்டி எடுத்த மாவில் வினிகரை நேராகக் கலந்தால் அவை செத்தன, பல்லின் மேல் வினிகர் பட்டபோதோ மேலோட்டமாக இருந்தவை மட்டும்தான் செத்தன, உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன. மவுத்வாஷ் கொப்பளித்தால் போதும் என்பவர்களுக்கு 340 வருடத்துக்கு முன்பே பதில் வந்துவிட்டது. படலமாக ஒட்டியிருக்கும் கிருமியை மருந்து எளிதில் கொல்லாது, தேய்த்துக் கலைக்கத்தான் வேண்டும்.

படலம்தான் ஈறு வீக்கத்துக்குக் காரணம் என்று மனிதர்களில் நேரடியாகக் காட்டியதும் அதே ஹரால்ட் லோதான், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்தில், 1965-ல். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாளுக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சில நாட்களில் சரியாகிவிட்டது. இந்தக் கட்டம் வரைக்கும் நோய் முழுக்கத் திரும்பக் கூடியது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைய ஆரம்பித்த பிறகு அப்படி இல்லை.

சரி, எலும்பு எப்படிக் கரைகிறது? நான் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் கிருமி எலும்பைத் தின்கிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். கிருமி தின்பதில்லை.

1998-ல் பாஸ்டனில் சிக்மண்ட் சொக்ரான்ஸ்கியின் குழு, ஈறுக்கு அடியிலிருந்து எடுத்த மாதிரிகளில் எந்தக் கிருமி எதனோடு சேர்ந்து வாழ்கிறது என்று வகைப்படுத்தி வண்ணம் கொடுத்தது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விழுந்த ஆழமான, ரத்தம் கசிகிற பள்ளங்களில் சேர்ந்தே கிடந்த மூன்றுக்குச் சிவப்பு: போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ், டானரெல்லா ஃபார்சித்தியா, ட்ரெபோனீமா டென்டிகோலா. இதில் முதலாவதுதான் ஆராய்ச்சிக்காரர்களின் செல்லப்பிள்ளை. அதற்குச் சர்க்கரை தேவையில்லை, சிதைந்த புரதமும் ரத்தத்தில் இருக்கும் இரும்பும் போதும். அந்த இரண்டும் அதற்கு எங்கே கிடைக்கும்? வீங்கிப் புண்ணான ஈறில்தான். அதாவது அழற்சி நின்றுவிட்டால் அது பட்டினி. அதனால் அது செய்கிற வேலை விசித்திரமானது. தன் நொதிகளால் நம் வெள்ளையணுக்களின் கொல்லும் திறனைக் கெடுக்கும், அழற்சியை மட்டும் அணையவிடாது. வீக்கம் இருக்கும், வெள்ளையணு வரும், ஆனால் கிருமி சாகாது.

2011-ல் எலிகளில் செய்த ஒரு சோதனை இதை இன்னும் தெளிவாக்கியது. மொத்தப் பாக்டீரியாவில் 0.01 சதவீதத்துக்கும் குறைவாக இந்த ஜிஞ்ஜிவாலிஸ் இருந்தாலே போதும், மற்ற சாது பாக்டீரியாக்களின் எண்ணிக்கையும் கலவையும் மாறி எலும்பு கரைந்தது. ஆனால் வேறு கிருமியே இல்லாமல் வளர்த்த எலிக்கு இதை மட்டும் கொடுத்தபோது எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தனியாக அது ஒன்றும் கிழிக்காது, ஊரைக் கெடுத்தால்தான் அதற்குப் பிழைப்பு.

எலும்பைக் கரைப்பது நம் உடம்பின் சொந்தச் செல்கள். ஈறுக்குள் அழற்சி மாதக்கணக்கில் அணையாமல் கிடந்தால், அந்தச் சமிக்ஞைகள் பக்கத்து எலும்பில் இருக்கும் எலும்பு கரைக்கும் செல்களைத் தூண்டிவிடும். வெள்ளையணுக்கள் கொட்டும் நொதிகள் ஈறையும் பல்லையும் எலும்பையும் கட்டிவைத்திருக்கும் நார்களை அறுக்கும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். ஆனால் இதை வைத்து எதிர்ப்புச் சக்திதான் வில்லன் என்று முடிவுகட்டவும் முடியாது. வெள்ளையணுக்கள் ரத்தக் குழாயைவிட்டு வெளியே வந்து ஈறுக்குள் சேர முடியாத ஓர் அரிய பிறவிக் குறைபாடு உண்டு, அந்தக் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே பல் ஆடி விழுந்துவிடும். கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். தேயிலைத் தோட்டத்தின் 11 சதவீதம் பேரிடம் இந்த அளவு சரியாக அமைந்திருந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். பரம்பரை, புகை, சர்க்கரை என்று பல விஷயங்கள் அந்த அளவை நகர்த்துகின்றன. 2018-ல் உருவான புதிய நோய் வகைப்பாட்டில், நோய் எவ்வளவு வேகமாகப் போகும் என்று தரம் பிரிக்கப் புகைப்பழக்கத்தையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் (HbA1c) சேர்த்துக்கொண்டதற்கும் காரணம் இதுதான்.

இந்த நோயின் மோசமான குணம், வலிக்காது. சொத்தைப் பல் ராத்திரி தூங்கவிடாது, ஈறு நோயோ பல் ஆடுகிற வரைக்கும் சும்மா இருக்கும். ரத்தம் மட்டும்தான் முன்கூட்டிய எச்சரிக்கை, அதையும் பலர் பிரஷ் கடினமாக இருக்கிறது என்று சொல்லி விட்டுவிடுவார்கள், அல்லது ரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் துலக்குவார்கள். துலக்காமல் விட்ட இடம்தான் இன்னும் வீங்கும். புகைபிடிப்பவர்களுக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது, ஈறின் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பதால் ரத்தம் குறைவாக வரும், பார்க்க ஈறு நன்றாக இருக்கும், அடியில் எலும்பு போய்க்கொண்டிருக்கும்.

என் பல் டாக்டர் மெல்லிய அளவுகோல் ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இறக்கி, ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்தில் அளந்து, எண்களை உதவியாளரிடம் சத்தமாகச் சொல்வார். இரண்டு, மூன்று, இரண்டு என்று போய்க்கொண்டிருக்கும்போது திடீரென ஐந்து என்று வந்தால் வயிற்றைப் பிசையும். 3 மில்லிமீட்டர் வரை பயப்பட வேண்டாம், 4-க்கு மேல் போனால் அது பள்ளம், அதற்குள் பிரஷ் போகாது. இந்த அளவை எடுக்காமல் கண்ணால் பார்த்துவிட்டு ஈறு நன்றாக இருக்கிறது என்று சொல்லும் பரிசோதனையை நான் நம்புவதில்லை.

க்ளீன் பண்ணினால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற பயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சைக்குப் பிறகு இடைவெளி தெரிவது நிஜம்தான். எலும்பு ஏற்கெனவே போயிருந்தது, வீங்கிய ஈறும் காரையும் அந்த இடத்தை நிரப்பி மறைத்துக்கொண்டிருந்தன. வீக்கம் வடிந்ததும் உள்ளது தெரிகிறது. சில சமயம் காரையே ஆடுகிற பற்களைச் சிமென்ட் போலச் சேர்த்துப் பிடித்திருக்கும், அதை எடுத்தால் ஆட்டம் தெரியத்தான் செய்யும்.

அப்புறம், வாயிலிருந்து உடம்புக்கு எப்படிப் போகிறது என்ற விஷயம். நல்ல ஈறின் உள்தோல் ஒரு வேலி. நோய் முற்றியவர்களுக்கு வாய் முழுக்க உள்ள பள்ளங்களின் சுவர்களைச் சேர்த்து விரித்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று ஒரு கணக்கு உண்டு, அதில் எங்கெல்லாம் வேலி பிய்ந்திருக்கிறதோ அங்கெல்லாம் கிருமிக்குக் கதவு திறந்திருக்கிறது. முன்கையில் இப்படியொரு புண் ஆறாமல் இருந்தால் யாராவது வருடக்கணக்கில் விட்டுவைப்போமா? 2008-ல் 290 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் பல்லைப் பிடுங்கியபோது 60 சதவீதம் பேரின் ரத்தத்தில், இதயத்தைத் தாக்கக்கூடிய வகைப் பாக்டீரியாக்கள் வந்தன. அது எதிர்பார்த்ததுதான். வெறும் பல் துலக்கியபோதே 23 சதவீதம் பேருக்கு வந்தது என்பதுதான் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. பல் பிடுங்குவது வாழ்நாளில் சில முறை, துலக்குவது தினமும். பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தில் வந்த கிருமியைக் கல்லீரலும் மண்ணீரலும் சீக்கிரமே துடைத்துவிடும், பயந்து துலக்குவதை நிறுத்திவிடாதீர்கள், ஈறு நன்றாக இருந்தால் இது குறைவு.

மற்ற வழிகளும் இருக்கின்றன. தூக்கத்தில் எச்சில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நாள் முழுக்க விழுங்குகிற அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் எச்சிலோடு கிருமிகள் குடலுக்குப் போகும். கிருமியே எங்கும் போகாவிட்டாலும், ஈறில் உற்பத்தியாகும் அழற்சி ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க ஓடும்.

ஒவ்வொரு நோயாக எடுத்துப் பேசுவதற்கு முன்னால் பழைய கதை ஒன்று. வாய்தான் சகல நோய்க்கும் காரணம் என்பது இன்றைய கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சியின் முன்னோடி ராபர்ட் கோக்கின் வழிவந்த பல் மருத்துவர் வில்லோபி மில்லர் 1891-லேயே இதை எழுதினார். 1910-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் மாண்ட்ரியலில் போய், அழுகிய பல்லுக்கு மேல் தங்கத்தில் கட்டடம் கட்டுகிறீர்கள் என்று பல் மருத்துவர்களை வறுத்தெடுத்தார். அது பற்றிக்கொண்டது. மூட்டு வலியா, பல்லைப் பிடுங்கு. களைப்பா, பிடுங்கு. நியூ ஜெர்சியில் ட்ரென்டன் மனநல மருத்துவமனையின் தலைவர் ஹென்றி காட்டன், மனநோய்க்குக் காரணம் மறைந்திருக்கும் தொற்றுதான் என்று நம்பி நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். பல் போதாதென்று டான்சில், பிறகு குடல் என்று போனது, பலர் செத்தார்கள். 1938-ல் ரஸல் சீசில், முரே ஏஞ்ஜவைன் இருவரும் 200 முடக்குவாத (மூட்டு அழற்சி) நோயாளிகளின் விவரங்களை அலசி, பல்லையும் டான்சிலையும் எடுத்ததால் பயன் எதுவும் தெரியவில்லை என்று எழுதிய பிறகுதான் அந்த அலை மெல்ல அடங்கியது. நல்ல பற்கள் லட்சக்கணக்கில் வீணாய்ப் போன பிறகு. ரூட் கெனால் செய்த பல்தான் புற்றுநோய்க்குக் காரணம் என்று இன்றும் பரவும் வீடியோக்கள் இந்தப் பழைய சரக்கின் மிச்சம்தான்.

ஆக, இப்போது ஒவ்வொன்றாக.

இதய வால்வுத் தொற்று: சந்தேகமே இல்லை. வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளை நோயாளியின் வால்விலிருந்தே எடுத்திருக்கிறார்கள். செயற்கை வால்வு உள்ளவர்கள், ஏற்கெனவே இந்தத் தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் ஆபத்து அதிகம். முன்பெல்லாம் நிறையப் பேருக்குப் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், 2007-ல் அமெரிக்க இதயச் சங்கம் அதை இந்தச் சிலருக்கு மட்டும் என்று சுருக்கியது.

நிமோனியா: இதுவும் உறுதி, ஆனால் யாரும் ஃபார்வர்டு செய்யாத விஷயம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் நடந்த ஆய்வு 1999-ல் வெளியானது. சாப்பிட்ட பிறகு பராமரிப்பாளர்கள் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, வழக்கம்போல விட்டவர்களில் 19 சதவீதம். மருத்துவமனை நோயாளிகளைப் பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2024-ல் வந்த அலசலிலும், தினமும் பிரஷ் செய்துவிட்டால் அங்கே பிடிக்கும் நிமோனியா குறைகிறது, செயற்கை சுவாசத்தில் இருப்பவர்களுக்கு அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்று வந்தது. மாரடைப்புக் கதைக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குக் கிடைத்தால்கூடப் படுத்த படுக்கையாக இருக்கும் எத்தனையோ பேர் பிழைப்பார்கள். வீட்டில் அப்படி யாராவது இருந்தால், பல் செட்டைக் கழற்றி ராத்திரி கழுவி வைப்பதும் நாக்கையும் ஈறையும் துடைத்துவிடுவதும் மருந்து கொடுப்பதற்குச் சமமான வேலை.

சர்க்கரை நோய்: இரண்டு பக்கமும் போகிற சாலை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாகப் போகும், லோ இதை 1993-ல் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்றே எழுதினார். திரும்பும் பக்கம், அதாவது ஈறைச் சரிசெய்தால் சர்க்கரை குறையுமா என்பதில் கொஞ்சம் சண்டை நடந்தது. 2013-ல் அமெரிக்காவில் 514 பேரை வைத்து நடந்த பெரிய சோதனையில் பயன் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதில் சிகிச்சைக்குப் பிறகும் பலருக்குப் படலமும் ரத்தக் கசிவும் நிறையவே இருந்தன, ஈறே ஆறாதபோது சர்க்கரை எப்படி இறங்கும் என்று பல் மருத்துவர்கள் சண்டைக்கு வந்தார்கள், அதில் நியாயம் இருக்கிறது. 2018-ல் லண்டனில் 264 பேரைத் தீவிரமாகச் சிகிச்சை செய்து ஒரு வருடம் பார்த்தபோது, மூன்று மாதச் சராசரி, மேலோட்டமாகச் சுத்தம் செய்தவர்களைவிட 0.6 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. 2022-ல், மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு எல்லாச் சோதனைகளையும் தொகுத்தபோது மூன்று நான்கு மாதத்தில் சுமார் 0.4 புள்ளி குறைவு. கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்த அளவுக்குக் கொஞ்சம் குறைவான பலன் என்று வைத்துக்கொள்ளலாம், மாத்திரையை விடச் சொல்லும் அளவுக்கு இல்லை. சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர் காலைப் பார்க்கிறார், கண்ணைப் பரிசோதிக்க எழுதிக்கொடுக்கிறார், வாயைத் திறக்கச் சொன்னதை நான் பார்த்ததில்லை.

மாரடைப்பு: 1989-ல் பின்லாந்தில் மாரடைப்பு வந்த 100 பேரையும் வராத 102 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு இந்தக் கதையை மறுபடி கிளப்பியது, மாரடைப்பு வந்தவர்களின் பற்கள் மோசமாக இருந்தன. பிறகு நூற்றுக்கணக்கான ஆய்வுகள். 2012-ல் அமெரிக்க இதயச் சங்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் அலசி, தொடர்பு இருக்கிறது, புகை போன்ற பொதுக் காரணங்களைக் கழித்த பிறகும் இருக்கிறது, ஆனால் ஈறு நோய் மாரடைப்பை உண்டாக்குகிறது என்பதற்கோ, ஈறுச் சிகிச்சை மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்கோ ஆதாரம் இல்லை என்றது. அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என்னை யோசிக்க வைத்த ஓர் ஆய்வு உண்டு. 2007-ல் கடுமையான ஈறு நோய் உள்ள 120 பேரில் பாதிப் பேருக்கு ஒரே அமர்வில் முழுச் சிகிச்சை செய்து, கை ரத்தக் குழாய் எவ்வளவு நன்றாக விரிகிறது என்று அளந்தார்கள். மறுநாள் மோசமாகியிருந்தது, ஈறைக் கிளறியதில் உடம்பு முழுக்க அழற்சி எகிறியது. ஆறு மாதத்தில் ஒப்பீட்டுக் குழுவைவிட நன்றாக விரிந்தது. ஈறைக் கிளறினால் ரத்தக் குழாய் கெடுகிறது, ஆற்றினால் தேறுகிறது. வெறும் தற்செயல் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்காக மாரடைப்புக்கு மருந்து பல் க்ளீனிங் என்று சொல்லிவிடவும் முடியாது.

கர்ப்பம்: குறைமாதப் பிரசவத்தோடு தொடர்பு இருப்பதாக 1996-ல் இருந்து பேச்சு. 2006-ல் 823 கர்ப்பிணிகளை வைத்துச் சோதித்தபோது, கர்ப்ப காலத்தில் ஈறுச் சிகிச்சை செய்ததால் குறைமாதப் பிரசவம் குறையவில்லை. ஆனால் சிகிச்சையால் தாய்க்கோ குழந்தைக்கோ கெடுதலும் இல்லை. கர்ப்பமாக இருக்கும்போது பல்லைத் தொடக்கூடாது என்று தள்ளிப்போடுபவர்கள் இந்த இரண்டாவது பாதியைத்தான் படிக்க வேண்டும்.

முடக்குவாதம்: இதில் நடக்கும் ரசாயனம் சுவாரசியமானது. ஜிஞ்ஜிவாலிஸிடம் புரதங்களை ஒரு குறிப்பிட்ட விதமாக மாற்றும் நொதி இருக்கிறது, முடக்குவாத நோயாளிகளின் எதிர்ப்புச் சக்தி தவறாகத் தாக்குவதும் அப்படி மாறிய புரதங்களைத்தான். காரணமா என்பது இன்னும் முடியாத வழக்கு.

பெருங்குடல் புற்றுநோய்: பாலம் போடுகிற ஃபியூசோபாக்டீரியத்தை 2012-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் குடல் கட்டிகளில் கண்டன. கல்லீரலுக்குப் பரவிய கட்டியிலும் அது கூடவே போயிருந்தது 2017-ல் தெரிந்தது. 2024-ல் அதன் ஒரு கிளை வகை மட்டும், ஆராய்ந்த கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் இருந்தது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. கட்டியை உண்டாக்குகிறதா, உருவான கட்டியில் குடியேறி அதை வளர்க்கிறதா என்பது வேறு கேள்வி. பல் துலக்கினால் குடல் புற்றுநோய் வராது என்று இதிலிருந்து யாராவது சொன்னால், அவர் எதையோ விற்கிறார்.

அல்சைமர்: இங்கேதான் ஃபார்வர்டுகள் அதிகம் பொங்கும். 2019-ல் இறந்த நோயாளிகளின் மூளையில் ஜிஞ்ஜிவாலிஸின் நொதிகளைக் கண்டதாக ஆய்வு வந்தது, உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தை 643 நோயாளிகளுக்குச் சோதித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது, மறதி குறைவதில் பலன் இல்லை. தலைப்புச் செய்தி போட்ட அளவுக்கு இதை யாரும் போடவில்லை.

வாயிலுள்ள கிருமி எல்லாம் எதிரி என்று இதையெல்லாம் படித்துவிட்டு மவுத்வாஷ் பாட்டிலை எடுப்பவர்களுக்கும் ஒரு தகவல் உண்டு. கீரை, பீட்ரூட் போன்றவற்றிலிருக்கும் நைட்ரேட்டை நாக்கின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள்தான் நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்ஸைடு ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். 2013-ல் ஆரோக்கியமான 19 பேர் ஒரு வாரம் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷால் கொப்பளித்தபோது அவர்களின் ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளி கூடியது. சின்ன ஆய்வு, சின்ன ஏற்றம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் சொல்லும் சில நாட்களுக்கு அந்த மருந்து நல்லது, வருடக்கணக்கில் கொப்பளிக்க அது தண்ணீர் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 100 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடுமையான ஈறு நோய் இருக்கிறது. பல்லைக் காப்பாற்ற வேண்டும் என்பதே சிகிச்சைக்குப் போதுமான காரணம் என்று நினைக்கிறேன், இதயத்தைக் காட்டி மிரட்ட வேண்டியதில்லை. சிகிச்சையும் பெரிய மர்மம் இல்லை. ஈறுக்கு மேலும் அடியிலும் வேர் வரை காரையை எடுத்து, சில வாரம் ஆறவிட்டு மறுபடி அளப்பார்கள், அப்போதும் ஆழமாக இருக்கும் பள்ளத்தைத் திறந்து சுத்தம் செய்வார்கள். ஆன்டிபயாட்டிக் மட்டும் வாங்கி விழுங்குவதால் படலம் போகாது. வீட்டில் பிரஷ்ஷை ஈறு விளிம்பில் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்ப்பதும், பல்லிடுக்கில் நுழையும் குட்டி பிரஷ்ஷும் வேண்டும். இடைவெளி விழுந்த வாயில் நூலைவிட அந்தக் குட்டி பிரஷ்தான் நன்றாக வேலை செய்கிறது. முதல் சில நாள் ரத்தம் வரும், நிறுத்தாமல் தொடர்ந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் குறையும். குறையவே இல்லை என்றால் கையால் எட்டாத ஆழத்தில் காரை இருக்கிறது, அளந்து பார்க்கப் போங்கள். போகும்போது சர்க்கரை, இதய வால்வு, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி, கர்ப்பம் எல்லாவற்றையும் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள், சிகிச்சை இவற்றைப் பொறுத்து மாறும்.

அப்புறம் மூன்று மாதத்துக்கொரு முறை வரச் சொல்வதும் வசூல் வேலை இல்லை. சுத்தம் செய்த பள்ளங்களில் பழைய கூட்டம் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மறுபடி குடியேறிவிடுகிறது, அது முழுசாக நிலைகொள்வதற்கு முன்பு கலைத்துவிடத்தான் அந்த இடைவெளி. ஒரு வருடம் அளவுகள் ஏறாமல், ரத்தமும் வராமல் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதுமா என்று தாராளமாகக் கேட்கலாம்.